ரோட்டுக்குத் தெரியாத போர்டு

“மானியம் வாங்குறவங்க வயல்ல போர்டு வைக்கணும். எதுக்கு வாங்குறாங்கன்னு ஊருக்குத் தெரிய வேணாமா?” என்று மனு மேல் மனு போட்டது வேறு யாருமில்லை, மானியம் வாங்கும் விவசாயியின் சொந்த மச்சினன்தான்.

போர்டோடு வந்த அதிகாரி, அதை வயலில் நட்டுவிட்டு ரோட்டில் நின்று பார்த்தார். “மரமெல்லாம் மறைக்குதே! வெட்டிடுங்க.”

“ஐயா, அந்த மரத்துக்குத்தானே...”

“போர்டு தெரியலேன்னா மானியம் கட்! மத்ததெல்லாம் வேற ஆபீஸ்ல பேசிக்குங்க.”

அந்த மானியத்தை நம்பித்தான் விவசாயி வீட்டில் அடுப்பு எரிந்தது. கோடரியை எடுத்தார்.

சாயங்காலம் வெட்டவெளியில் போர்டு பளிச்சென்று நின்றது. அந்த வழியாக வந்த மச்சினன் சைக்கிளை நிறுத்தி, சத்தமாகப் படித்தான்.

“பறவைகள் தங்கும் இந்த மரங்களை வெட்டாமல் காப்பதற்காக, இவருக்கு அரசு மானியம் வழங்குகிறது.”

படித்துவிட்டு வெட்டுப்பட்ட அடிமரங்களைப் பார்த்தான்.

“அடப்பாவி மாமா! மரத்தையும் வெட்டிட்டு மானியம் வேறயா? இருங்க, இன்னொரு மனு போடுறேன்!”