ஐந்தாவது கார்டு

நெட்வொர்க் இன்னொரு முறை அறுந்தால் வேலை போய்விடும் என்று மேனேஜர் சொல்லியிருந்ததால், சர்வர்காரர் சர்வரில் நான்கு நெட்வொர்க் கார்டுகளைச் செருகி, நான்கும் ஒன்றுபோல இயங்கும்படி இணைத்தார். ஒன்று செத்தாலும் மற்றவை தாங்கும்.

திரை, ஐந்து கார்டுகள் என்றது. பின்பக்கம் போய் விரல் வைத்து எண்ணினார். நான்குதான்.

பத்து மணிக்குச் சோதனை. மேனேஜர் தலைமையகத்தோடு வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போதே கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். ரிசப்ஷன் அக்கா நடைவழியில் நின்று, மேனேஜர் அறையை எட்டிப் பார்த்துச் சேதி சொன்னார்.

"மூணு புடுங்கியாச்சுக்கா."

"பேசிட்டுதான் இருக்காரு."

நான்காவதையும் பிடுங்கினார்.

"இப்ப?"

"சிரிச்சுச் சிரிச்சுப் பேசறாரு."

"நாலும் வெளிய இருக்கு. கட் ஆகணுமேக்கா!"

"கட் ஆனா உன் வேலைதான் போகும். வாய மூடிட்டு நில்லு தம்பி."

மேனேஜர் பூரிப்போடு வெளியே வந்தார். சர்வர்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"சார், அஞ்சாவது கார்டுலதான் ஓடுது. அது எங்க இருக்குன்னே தெரியல."

மேனேஜர் யோசித்தார்.

"நல்லா ஓடுதுல்ல? அப்புறம் இந்த நாலும் எதுக்கு, தண்டமா? கடைக்குத் திருப்பிக் குடுத்துடுங்க. உங்க வேலைக்கு நான் கேரண்டி."

சர்வர்காரர் நான்கு கார்டுகளையும் கழற்றி மேசைமேல் வரிசையாக வைத்தார். அப்போதும் நான்கிலும் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

அக்கா அதைப் பார்த்தார். பிறகு செய்தித்தாளை விரித்து அவற்றை மூடினார்.

"உன் வேலை இருக்குல்ல? போய்ச் சாப்பிடு."