எட்டாவது வரி

டிக்கெட் விற்பனை தொடங்க அரை மணி நேரம் இருந்தது. நாங்கள் ஆறு பேர், ஆளுக்கொரு கணினி சர்வர். அவற்றை அவரவர் பட்டப்பெயரிலேயே பதிந்திருந்தோம். எந்தெந்த சர்வர் உயிரோடு இயங்குகிறது என்று தட்டச்சிட்டுக் கேட்டால் கணினிப் பதிவேடு பட்டியல் தரும்.

கேட்டேன். ஏழு வந்தது. ஏழாவது, 'வாயாடி'.

"யாருப்பா இந்த வாயாடி?" என்றார் டீம் லீடர். எல்லோரும் கையை விரித்தோம்.

"யாரா இருந்தா என்ன? வர்ற கூட்டத்துக்கு ஆறு தாங்காது, இருக்கட்டும்!" என்று துள்ளினாள் பக்கத்து மேஜைக்காரி.

பத்தாவது நிமிடம் லிஃப்ட் மணி அடித்தது. வேலையில் சேர வந்த புதுப்பெண் மூச்சிரைக்க நின்றாள்.

"வீட்ல உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்றார் டீம் லீடர்.

"வாயாடின்னு. ஏன் எல்லாரும் கைதட்டுறீங்க?"

ஆரவாரம் அடங்குமுன் பதிவேட்டை மறுபடி கேட்டேன். எட்டு. எட்டாவது, 'சுருட்டை'. அது என் பட்டப்பெயர். மூன்றாவது வரியில் ஏற்கெனவே இருக்கிறது.

லிஃப்ட் மணி அடித்தது.

"உன்னைத் தேடித்தான் வந்திருக்கு, போய்த் திற சுருட்டை!" என்று கூச்சலிட்டுத் தள்ளிவிட்டார்கள். சிரித்துக்கொண்டே ஓடினேன்.

நான் கதவை எட்டுவதற்குள் வெளியே யாரோ கார்டைக் காட்டினார்கள். பூட்டின் சின்னத் திரையில் என் பெயர் ஒளிர்ந்தது. என் கார்டு என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது.