கதவு என்று தேடியபோது

கணினியில் நீளமான கதை ஒன்று இருந்தது. அதை எழுதியவர் ‘கதவு’ என்று தேடி, அந்தச் சொல் உள்ள வரிகளை மட்டும் திரையில் காட்டச் சொன்னார். மற்ற வரிகள் மறைந்தன. இரண்டே வரிகள் அருகருகே நின்றன.

“கதவு திறந்து கிடக்க, எழிலரசி கோபித்துக்கொண்டு வெளியேறினாள்.”

“எழிலரசி திரும்பி வந்தபோதும் கதவு திறந்தே இருந்தது.”

“அட, வந்துட்டாளா! இத்தனை நாளா தவிச்சுக்கிட்டு இருந்தேன்,” என்றது முதல் வரி.

“பாத்தியா, நாம ரெண்டு பேரும்தான் கதையே,” என்றது அடுத்தது. “நடுவுல இருந்ததெல்லாம் சும்மா கூட்டம்.”

எழுதியவர் தேடலை நீக்கினார். மறைந்திருந்த வரிகள் மளமளவென்று திரும்பின. இரண்டு வரிகளும் எங்கெங்கோ விலகிப் போயின. அவற்றின் நடுவே ஒரு வரி நின்றது.

“சாரல் அடித்தும், திருட்டுப் பயம் இருந்தும், அப்பா ஓர் இரவுகூடத் தாழ்ப்பாள் போட விடவில்லை.”

இரண்டாவது வரிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“இவ்வளவு நேரம் நீ எங்கே இருந்தே?” என்று கேட்டது.

“இங்கேயேதான் இருந்தேன். அது கிடக்கட்டும்,” என்றது நடு வரி. “பொண்ணு வந்துட்டாளா?”