வீட்டுத் தலையணை

கடலை எண்ணெய் மில்லை இடித்துவிட்டு, 1983இல் அங்கே லாட்ஜ் கட்டினார்கள். மில்லில் வேலை பார்த்த ரியாசுதீன், மில் மூடிய வருஷமே இறந்துபோனார். எவ்வளவு குளித்தாலும் அவர் தலையில் எண்ணெய் வாசனை போகாது. அவர் மனைவி நசீமாவுக்கு லாட்ஜில் அறை பெருக்கும் வேலை கிடைத்தது.

கோடியறையில் யாரும் தங்கவில்லை. ஆனாலும் தினமும் காலையில் அங்கே தலையணை அமுங்கி, கடலை எண்ணெய்க் கறையோடு கிடந்தது.

"பூட்டின ரூம்ல மல்லாட்ட எண்ணெ எப்படிம்மா வந்துச்சு?" என்றார் மேனேஜர் அப்பாதுரை.

"தொவச்சிடறேங்க."

அவர் போனதும் நசீமா கறையை முகர்ந்தாள். "செத்தும் மில்லுக்குத்தான் வரீங்க. ஒரு நாள் வீட்டுக்கு வரக் கூடாதா?"

அன்று மாலை தன் தலையணையை வீட்டிலிருந்து கொண்டுவந்து, கோடியறையில் லாட்ஜ் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

காலையில் லாட்ஜ் தலையணை கசங்காமல் இருந்தது. அவளுடையது அமுங்கி, வெதுவெதுப்பாக இருந்தது.