எதிரி ஆமாம் சொல்ல வேண்டும்

“சித்தி பேச்சை எடுத்தே, இன்னிக்குச் சோறு கிடையாது,” என்றாள் அம்மா, பல்லிடுக்கில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே.

நான் எடுத்தது வீட்டுப்பாடம்.

கல்லூரியில் நாடுகளின் சண்டைகளைப் பற்றிப் படிக்கிறேன். சேர்ந்த புதிதில், எந்தச் சண்டையானாலும் யார் மேல் தப்பு என்று பட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடுவேன். இப்போது இரண்டு பூனைகள் அடித்துக்கொண்டால்கூட வாயைத் திறக்க யோசனையாக இருக்கிறது.

இந்த வாரப் பாடம்: உனக்கு வேண்டாதவரின் நியாயத்தை, அவரே கேட்டு ‘ஆமாம், இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி சொல்.

எனக்கு வேண்டாதவர் யார்? அம்மா காட்டிய ஆள்தான். சித்தி.

அம்மாவும் அவளும் சேர்ந்து எங்கள் வீட்டு முன்னறையில் தையல் கடை நடத்தினார்கள். ஒரு நாள் பேச்சு முற்றி, சித்தி போட்டது போட்டபடி போய்விட்டாள். அவள் மெஷின் மூலையில் உறை போட்டுக் கிடக்கிறது. யாரும் தொடக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

ஆறு வருஷமாக நான் அம்மாவின் சிப்பாய். போன மாதம் பஸ்ஸில் சித்தி எனக்காக நகர்ந்து இடம் கொடுத்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றே வந்தேன். பாவம், அவள் இறங்கும்வரை அந்த இடத்தை யாருக்கும் தரவில்லை.

“சித்தி என்ன சொல்லுவாங்கன்னு நீயே சொல்லேன்மா. மார்க்குப் போயிடும்.”

மார்க்கு என்றதும் குண்டூசி வெளியே வந்தது.

“என்ன சொல்லுவா? எல்லார் முன்னாடியும் என் தையலைப் பிரிச்சுப் போட்டாம்பா. போர்டுல எம்பேரே இல்லேம்பா. காய்ச்சலோட உக்காந்து தச்சேன், என்னன்னு ஒரு வார்த்தை கேட்டாளாம்பா...”

அம்மாவின் கை நின்றுவிட்டது.

“சரியா சொன்னேனா?”

“என்னைக் கேட்டா? ஆமான்னு அவங்கல்ல சொல்லணும்.”

என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். பிறகு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். சித்தி எடுத்ததும், நலம்கூட விசாரிக்காமல், சொன்னதையெல்லாம் அப்படியே மறுபடி சொன்னாள்.

மறுமுனையில் சித்தி மூக்கை உறிஞ்சினாள்.

“ஒண்ணு விட்டுட்டியே, அக்கா. என் மெஷினை ஏன் எடுத்துட்டுப் போகலேன்னு சொல்லலியே?”

அம்மா எழுந்து போய் மூலையிலிருந்த மெஷினின் உறையை உருவினாள். போனை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் பெடலை மிதித்தாள்.

ஆறு வருஷம் யாரும் தொடாத மெஷின். துருவேறிக் கத்தப் போகிறது என்று காதைப் பொத்தப் போனேன்.

நேற்றுத்தான் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது.