அடித்தல் இல்லாத பாட்டு

இந்தப் பாட்டை எழுத வேண்டியவள் நானில்லை, ஆள் தெரியாமல் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் பாடலாசிரியை செண்பகவல்லி. சரணத்தின் மூன்றாம் வரியை ஐந்து முறை எழுதி அடித்திருந்தாள். கண்ணாடிக்கு அப்பால் பாடகி காத்திருந்தார்.

ஒருவருக்குத் தன்மேலேயே வரும் சந்தேகத்தை நிறுத்தும் ஒட்டுவில்லை ஒன்றை இசையமைப்பாளர் ரூஃபஸ் அவளிடம் நீட்டினார்.

"காதுக்குப் பின்னாடி ஒட்டிக்குங்க மேடம். நான் காலைலயே ரெண்டு ஒட்டிட்டேன். என் டியூன் எல்லாமே எனக்குப் பிடிக்குது."

"அதான் சார், காலைலேர்ந்து ஒரே டியூன் ஓடுது."

அவர் சிரித்தார். "போன படத்துக்கு ஒட்டிக்கிட்டுத்தானே எழுதினீங்க? அவார்டே வந்துச்சு."

வந்தது. அந்தப் பாட்டை அவள் இருபது நிமிடத்தில், ஓர் அடித்தல்கூட இல்லாமல் எழுதினாள். விருது மேடையில் எல்லோரும் கைதட்டியபோது யாருக்காகத் தட்டுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. ஐந்து முறை அடித்த இந்த வரியை யார் எழுதுகிறார்கள் என்பதில் மட்டும் அவளுக்குக் குழப்பமில்லை.

"பத்து நிமிஷம்தான் இருக்கு. ஒட்டிக்கலன்னா வேற ஆளத்தான் கூப்பிடணும்," என்றார் ரூஃபஸ்.

"கூப்பிடுங்க சார். அவங்க வர்ற வரைக்கும் நான் எழுதிட்டிருக்கேன்."