பூனையின் நகச் சத்தம்

கோடையில் காடே வறண்டு, ஒரு குளத்தில் மட்டும் தண்ணீர் மிஞ்சியது. அங்கே வருகிறவர்கள் ஆயுதத்தை வெளியே தெரியும்படி வைத்திருக்க வேண்டும் என்று யானை சட்டம் போட்டது. காவலுக்கு முள்ளம்பன்றி நின்றது.

அணிலின் இரண்டு குட்டிகளுக்கும் நாக்கு வறண்டு கிடந்தது. ஆனாலும் பூனை சத்தமில்லாமல் வந்துவிடுமோ என்று குளக்கரை மரத்தைவிட்டு இறங்க அணிலுக்குப் பயம்.

பூனை மெத்துமெத்தென்று வந்தது.

"நகத்தை நீட்டு அக்கா," என்றது முள்ளம்பன்றி.

"உடம்பெல்லாம் ஈட்டி வைத்திருக்கிற நீ, பஞ்சுப் பாதக்காரியைச் சோதிக்கிறாயா?"

"என்னிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கணும் என்று பார்த்தாலே தெரியும். உன்னைப் பார்த்தால் தெரியாதே."

பூனை முனகிக்கொண்டே நகங்களை நீட்டியது. "இப்படி நடந்தால் தேய்ந்துபோகுமே."

"தேயட்டும். இல்லையென்றால் திரும்பிப் போ."

பூனை பாறைமேல் நடந்தபோது டக் டக்கென்று சத்தம் கேட்டது. அணிலுக்கு அப்பாடா என்றிருந்தது. குட்டிகளோடு இறங்கியது.

"நிதானமாகக் குடிங்க கண்ணுகளா. பூனை எங்கே நடக்கிறதென்று அம்மா கேட்டுக்கிட்டே இருக்கேன்."

குட்டிகள் குடித்தன. டக் டக் சத்தம் சட்டென்று நின்றது.

அணில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றை வாயில் கவ்வி, இன்னொன்றை முன்னால் தள்ளிக்கொண்டு மரமேறியது. மேலிருந்து பார்த்தால், அவை குடித்த இடத்தில் பூனை நகங்களை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது. முள்ளம்பன்றி அதை விரட்ட ஓடி வந்தது.

சின்னக் குட்டிக்கு விக்கல் எடுத்தது. அவ்வளவு தண்ணீர் குடித்திருந்தது.